லாஸ் வேகாஸில் ஒரு தேய்மானக் கணக்கு

லாஸ் வேகாஸ் போய் வந்தேன் என்று சொன்னால் போதும், நண்பர்கள் கண்ணடிக்கிறார்கள். "எவ்வளவு விட்டே?" என்பதுதான் முதல் கேள்வி.

சத்தியமாகச் சொல்கிறேன். சூதாட்ட மேஜையில் நான் ஒரு டாலர்கூட விடவில்லை. அங்கே நான் தொலைத்தது, சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கொஞ்சம் கறுப்பு பெயிண்ட். அதுவும் என்னுடையதல்ல, அத்தானுடையது. 1977-ல் ஒரு பலகையில் ஏறி 46 வருஷம் அசையாமல் இருந்த பெயிண்ட். மூன்றே நிமிஷத்தில் துடைத்து எடுத்துவிட்டேன்!

முறையாக ஆரம்பிக்கிறேன்.

2023 ஜூலை மாசம். அக்கா வீடு ஹெண்டர்சனில் இருக்கிறது. லாஸ் வேகாஸை ஒட்டிய ஊர். சென்னைக்குத் தாம்பரம் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். மின்சார ரயில் கிடையாது, தெருவில் மனுஷ நடமாட்டமும் கிடையாது. வெயில் 45 டிகிரி. வேலூர்க்காரர்களே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள்.

ஏர்போர்ட்டிலிருந்து வீட்டு வாசலில் இறங்கினால், அக்காவின் கார் வெட்டவெளியில் வெந்து கொண்டிருந்தது. கராஜைத் திறந்தால் உள்ளே குளுகுளு ஏசி. அந்த ஏசியில் ராஜா மாதிரி நான்கு காலில் நின்று கொண்டிருந்தது ஒரு மரப்பெட்டி.

"பார்த்தியாடா நியாயத்தை? கார் வெயில்ல காயுது. இந்த மனுஷன் மரப்பெட்டிக்கு ஏசி போட்டு வெச்சிருக்கார்" என்றாள் அக்கா, பெட்டியைக்கூட நான் இறக்கி வைப்பதற்குள்.

அத்தான் சிரித்தார். "மாப்ளே, அது மரப்பெட்டி இல்ல. பின்பால்."

சின்ன வயசில் கோடை லீவில் பேகடெல் ஆடியிருப்பீர்கள். பலகையில் அரைவட்டமாக ஆணிகள், ஓரத்தில் ஸ்பிரிங். இழுத்து விட்டால் குண்டு ஓடி ஏதாவது ஓர் ஆணிக் கூண்டில் விழும். 1871-ல் அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்து மாண்டேக் ரெட்கிரேவ் என்பவர் அந்த ஸ்பிரிங் அமைப்பைச் சேர்த்து காப்புரிமை வாங்கினார். அந்தப் பேகடெல்தான் பிற்பாடு கால் முளைத்து, கரண்ட் பாய்ந்து, தலைமாட்டில் கலர் கலராய்க் கண்ணாடி ஓவியம் சூடிக் கொண்டு பின்பால் ஆயிற்று. 1947-ல் காட்லீப் கம்பெனி 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற மெஷினில் இரண்டு பக்கமும் மின்சாரத் துடுப்புகளை வைத்தது. பட்டனை அமுக்கினால் துடுப்பு பந்தை மேலே அடிக்கும். அதுவரை குண்டு விழுவது தலைவிதி. அதற்கப்புறம்தான் அது திறமை.

அத்தானிடம் இருப்பது சிகாகோவின் பாலி கம்பெனி 1977-ல் செய்த 'எய்ட் பால்'. பில்லியர்ட்ஸ் ஆட்டத்தை வைத்து உருவான மெஷின். மொத்தம் 20,230 செய்தார்கள். இந்த விற்பனைச் சாதனையை 15 வருஷம் யாராலும் தொட முடியவில்லை. 1992-ல் 'ஆடம்ஸ் ஃபேமிலி' என்ற மெஷின் 20,270 விற்று முறியடித்தது. வித்தியாசம் எவ்வளவு? வெறும் 40! நான் பி.காம். பாருங்கள், இந்த மாதிரி எண்கள்தான் சட்டென்று கண்ணில் படும்.

அத்தான் 1996-ல் எம்.எஸ். படிக்க சிகாகோ போனவர். ஊருக்கு ஒரு போன் பேசுவதென்றால் நாலு வேளைச் சாப்பாட்டைத் தியாகம் செய்ய வேண்டிய காலம். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கக் காசு போடும் கடைக்குப் போவாராம். துணி சுற்றும் அரைமணி நேரம் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. மூலையில் ஒரு பழைய எய்ட் பால் மெஷின். பாக்கெட்டில் மிஞ்சும் 25 சென்ட் காசை அதில் போடுவார்.

"முதல் ஆறு மாசம் அமெரிக்காவுல என்கிட்ட நல்லாப் பேசினது அந்த மெஷின் மட்டும்தான் மாப்ளே" என்றார். அதே மெஷின் இது இல்லை. அதே மாடல். ஏழு வருஷம் தேடி வாங்கியிருக்கிறார்.

இப்போது அதற்கு ஆபத்து வந்திருந்தது. மகள் அடுத்த வருஷம் காலேஜ். கார் வெயிலில் நிற்கிறது. "வித்துடுங்க" என்று அக்கா தீர்ப்பு சொல்லிவிட்டாள். வாங்க ஒரு ஆளும் கிடைத்துவிட்டான். அவன் போட்ட நிபந்தனைதான் சிக்கல்: இப்படியே கொடுத்தால் 1,500 டாலர். பலகையின் மேல்பரப்பை 'புத்தம் புதுசு மாதிரி' செய்து கொடுத்தால் 3,000.

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? "இதுல யோசிக்க என்ன இருக்கு அத்தான்? புதுசு மாதிரி ஆக்கிடுங்க. லாபம் 1,500!"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதன் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை.

* * *

அடுத்த நாள் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். எழுபது தாண்டியவர். சூதாட்ட விடுதிகளில் ஸ்லாட் மெஷின் ரிப்பேர் பார்த்து ரிடையர் ஆனவர். கையில் ஒரு சின்ன டார்ச், பூதக்கண்ணாடி, முட்டை வைக்கும் அட்டை. எதற்கு முட்டை அட்டை? கழற்றுகிற ஸ்க்ரூவையெல்லாம் வரிசையாக ஒவ்வொரு குழியில் போட்டு வைக்க. கழற்றும் முன்பு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு போட்டோ. (நம்மூரில் வாட்ச் ரிப்பேர் செய்து முடித்ததும் இரண்டு பாகம் மிஞ்சுமே, அந்த அதிசயம் இங்கே நடக்காது.)

மேலே இருந்த கண்ணாடியை உருவினார். டார்ச்சைப் பலகைக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். நேராகப் பார்த்தால் தெரியாத மேடு பள்ளமெல்லாம் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் அம்மைத் தழும்பு மாதிரி எழுந்து நின்றன.

ஒட்டுப்பலகை. அதன்மேல் ஒவ்வொரு கலராக அச்சடித்த மை. அதன்மேல் மெல்லிசாக லாக்கர். அவ்வளவுதான் பாதுகாப்பு. அதன்மேல் 80 கிராம் எஃகு குண்டு 46 வருஷமாக ஓடியிருக்கிறது. ஓடினால் மட்டும் பரவாயில்லை. இரும்புத் தூளையும் கரித்தூளையும் சேர்த்துத் தேய்த்துக் கொண்டே ஓடும். குண்டில் ஒரு சின்னத் துரு, ஒரு சின்னக் குழி இருந்தால் போதும், அது குண்டு இல்லை, உப்புத்தாள்.

பெரியவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். பந்தைத் தட்டி எறியும் பம்பர்களைச் சுற்றி வளையம் வளையமாகத் தேய்மானம். பந்து விழும் குழியின் விளிம்பில் மரமே சிம்பு சிம்பாகப் பெயர்ந்திருக்கிறது. துடுப்புக்கு முன்னால் கலர் போய் மரம் பல்லிளிக்கிறது. பலகையின் ரேகை வாக்கில் மையில் நூல் நூலாய் விரிசல், அதற்குள் அழுக்கு. விளக்கு எரியும் பிளாஸ்டிக் வட்டங்கள் சில கொஞ்சம் உள்வாங்கியிருக்கின்றன; அதனால் பந்து அங்கே ஓடும்போது சின்னதாக இடறும்.

"தலைமாட்டுக் கண்ணாடி?" என்று கேட்டேன்.

அதைத் தொடவே விடவில்லை. படம் கண்ணாடியின் பின்பக்கம் அச்சாகியிருக்கும். உள்ளே எரியும் பல்புகளின் சூடு பட்டுப் பட்டு அது செதில் செதிலாக உரியும். ஈரத் துணியால் துடைத்தால் படமே துணியோடு வந்துவிடும். மேலும் உரியாமல் இருக்கப் பின்பக்கம் கிளியர் ஸ்ப்ரே அடித்து நிறுத்தி வைப்பார்கள். பல்பையும் மாற்றுவார்கள்: 250 மில்லி ஆம்பியர் இழுக்கும் 44-ம் நம்பர் பல்புக்குப் பதில், 150 மட்டும் இழுக்கும் 47-ம் நம்பர். அல்லது எல்.இ.டி. கராஜுக்கு ஏன் ஏசி என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அக்காவுக்கு விளங்கவில்லை.

பம்பரைச் சுற்றி யாரோ ஒரு காலத்தில் தேய்மானம் தடுக்க பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருந்தார்கள். அது ஓரத்தில் தூக்கிக் கொண்டு அழுக்குப் பிடித்திருந்தது. கம்ப்யூட்டர் தூசி ஊதும் காற்று டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து அடித்தார். பனிக்கட்டி மாதிரி உறைந்தது. உறைந்த பசை பிடியை விட்டுவிட, படலத்தை நிதானமாக உரித்தார். அவசரப்பட்டால் மையும் கூடவே வந்துவிடுமாம். பலகையில் பிசுபிசுவென்று பசை மட்டும் மிச்சம்.

"வீட்டில் மைதா மாவு இருக்கிறதா?"

நான் சமையலறைக்கு ஓடினேன். அக்கா, "என்னடா, கிழவருக்குப் பரோட்டா வேணுமாமா?" என்றாள்.

விஷயம் என்னவென்றால், பசைமேல் மாவைத் தூவி, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தெளித்து, விரலால் உருட்டித் தேய்த்தால், பசை மாவோடு சேர்ந்து அழுக்கு உருண்டையாகத் திரண்டு வந்துவிடுகிறது. பலகைக்குச் சேதம் இல்லை. கோடிக்கணக்கான டாலர் புரளும் லாஸ் வேகாஸில் நான் பார்த்த உருப்படியான வித்தை இதுதான்.

இந்த இடத்தில்தான் எனக்கு உற்சாகம் தலைக்கேறியது.

"நானும் ஒரு மூலையைச் சுத்தம் செய்யட்டுமா?"

வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். கொஞ்சம் ஆல்கஹால். "மெதுவாக. இது பார்க்கப் பஞ்சு, உள்ளுக்குள் உப்புத்தாள். ஸ்பாஞ்சில் கறுப்பு அழுக்கு வந்தால் சரி. கலர் வந்தால் கையை எடுத்துவிடு."

தேய்த்தேன். அழுக்கு வந்தது. அடியில் 1977-ன் கலர் பளிச்சென்று சிரித்தது. அடடா! இன்னும் தேய்த்தேன். கறுப்பாக வந்தது. சரி, அழுக்குத்தானே என்று இன்னும் தேய்த்தேன்.

அது அழுக்கு இல்லை. எட்டாம் நம்பர் பந்தைச் சுற்றியிருந்த கறுப்பு வளையம்.

கராஜில் ஏசி சத்தம் மட்டும் கேட்டது. அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ரொம்ப நேரம் அந்த இடத்தையே பார்த்துக் கொண்டிருந்தார். அப்புறம், "பரவால்ல மாப்ளே" என்றார். அந்தக் குரல் எனக்குப் புதுசு இல்லை. எங்கே கேட்டேன் என்பதுதான் உடனே ஞாபகம் வரவில்லை.

* * *

மறுநாள் ஞாயிறு. சூழ்நிலையைக் கலகலப்பாக்க அத்தான் என்னை ஓர் இடத்துக்குக் கூட்டிப் போனார்.

லாஸ் வேகாஸின் பிரதான வீதியில், தெற்குக் கோடியில், 1959-ல் வைத்த அந்தப் புகழ்பெற்ற வரவேற்புப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால், ஏர்போர்ட்டை ஒட்டி, கிடங்கு மாதிரி ஒரு கட்டடம். பின்பால் ஹால் ஆஃப் ஃபேம். மிச்சிகனில் விளையாட்டு மெஷின் கடைகள் நடத்திய டிம் ஆர்னால்டு என்பவர் 2006-ல் ஆரம்பித்தது. 2009-ல் ஒரு தடவை இடம் மாறி, 2021-ல் இங்கே வந்திருக்கிறது. லாப நோக்கமில்லாத அமைப்பு. செலவு போக மிஞ்சுவது தர்ம காரியங்களுக்கு.

நுழைவுக் கட்டணம் கிடையாது. சலவைக்கல் தரை, பவ்யமான பணியாள், 'தொடாதே' பலகை எதுவும் கிடையாது. வரிசை வரிசையாக மெஷின்கள். 1950-களிலிருந்து நேற்று வந்தது வரைக்கும். பழையவற்றுக்கு 25 சென்ட், நம்மூர்க் காசுக்குச் சுமார் 20 ரூபாய். ஒவ்வொன்றின் மேலும் அதன் வரலாறு எழுதிய அட்டை. டிங், டொக், கிர்ர்ரென்று நூறு தட்டச்சுப் பள்ளிகளை ஒன்றாகத் திறந்த மாதிரி சத்தம்.

அத்தான் காட்டியது ஆட்டத்தை இல்லை, பலகைகளை. "நல்லாப் பாருங்க மாப்ளே."

பார்த்தேன். ஒன்றுகூடப் 'புத்தம் புதுசு மாதிரி' இல்லை. எல்லாவற்றிலும் பந்து ஓடிய தடம். சிலவற்றில் தொட்டுப் பூசிய பெயிண்ட், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிறது. ஒரு மெஷினின் கண்ணாடியை எடுத்துவிட்டு, தலையை உள்ளே விட்டு ஒருத்தர் ஏதோ செய்து கொண்டிருந்தார். இங்கே மெஷின்கள் நாள் முழுக்க அடி வாங்குகின்றன, தேய்கின்றன, திறக்கிறார்கள், சரி செய்கிறார்கள், மறுபடி காசு போட விடுகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் தேயாது. ஆடவும் முடியாது.

இன்னொரு வேடிக்கை. இதே மெஷின்களை ஒரு காலத்தில் ஒழித்துக் கட்டப் பார்த்தார்கள். சூதாட்டம் என்று சொல்லி 1942-ல் நியூயார்க்கில் தடை. மேயர் லாகார்டியா சம்மட்டியைத் தூக்கித் தன் கையாலேயே உடைத்து, போட்டோவுக்கும் நின்றார். மெஷின்கள் பிறந்த ஊரான சிகாகோவிலேயே பல வருஷம் தடை. 1976-ல் ரோஜர் ஷார்ப் என்ற பத்திரிகைக்காரர் நியூயார்க் கவுன்சில் கூட்டத்தில், பந்து எந்த வழியாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லி, ஸ்பிரிங்கை இழுத்து, சொன்ன வழியில் அனுப்பிக் காட்டினார். இது அதிர்ஷ்டம் இல்லை, திறமைதான் என்று ஒப்புக் கொண்டு தடையை எடுத்தார்கள். சம்மட்டியால் அடித்ததை இன்றைக்கு ஒரு மயிர் ஓடும் தூரிகையால் ஒட்டுப் போடுகிறார்கள்!

25 சென்ட் போட்டு ஆடினேன். ஒன்றரை நிமிஷத்தில் மூன்று பந்தும் காலி. பக்கத்து மெஷினில் ஒரு பத்து வயசுப் பையன் பரிதாபமாகப் பார்த்தான்.

திரும்பும் வழியில், சிக்னலில் கார் நின்றபோதுதான் ஞாபகம் வந்தது, அந்தப் 'பரவால்ல' குரல்.

* * *

மதுரையில் எங்கள் வீட்டில் ஒரு கேரம் போர்டு. அப்பாவுடையது. அப்பாவுக்கு இடது கைப் பழக்கம். தினம் ராத்திரி எட்டரை மணிக்கு அக்காவும் அப்பாவும் உட்கார்ந்தால் பத்து மணி வரைக்கும் டொக் டொக். அப்பா உட்காரும் பக்கத்தில், இடது கை மணிக்கட்டு உரசி உரசி, சட்டத்தில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. ஓரத்தில் பென்சிலால் ஸ்கோர்.

அப்பா 2015-ல் போய்விட்டார். அடுத்த வருஷம் அக்கா ஊருக்கு வந்தபோது ஆச்சரியம் கொடுக்கலாம் என்று ஆசாரியிடம் கொடுத்து இழைத்து, புது வார்னிஷ் அடித்து, கோடெல்லாம் புதுசாகப் போட்டு வைத்தேன். பள்ளமும் இல்லை, பென்சிலும் இல்லை. கண்ணாடி மாதிரி பலகை. பெருமையோடு அக்கா முன்னால் வைத்தேன்.

அக்கா சட்டத்தின் மேல் கையை ஓட்டிப் பார்த்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. "பரவால்லடா, நல்லாத்தான் இருக்கு" என்றாள். அதற்கப்புறம் அந்தப் போர்டை அவள் தொடவே இல்லை. ஏன் என்று எனக்கு ஏழு வருஷமாகப் புரியவில்லை. லாஸ் வேகாஸ் சிக்னலில், ஒரு கராஜ் விபத்துக்கு மறுநாள், புரிந்தது.

காலேஜில் தேய்மானம் என்று ஒரு பாடம். நேர்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று இரண்டு வகை. எந்த முறையில் போட்டாலும் தேய்மானம் செலவுப் பக்கம்தான் போகும். அது வரவுப் பக்கமும் வரலாம் என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

* * *

திங்கள்கிழமை பெரியவர் என்னையே பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டார். "கறுப்பை அழித்தாய், பிழைத்தாய். வெளிர் கலராக இருந்தால் ஒரு வாரம் திண்டாடியிருப்போம்."

கறுப்புதானே, டப்பாவைத் திறந்து பூசினால் முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. ஒரு ரப்பர் தூணைக் கழற்றி அதன் அடியைக் காட்டினார். வெளிச்சமே படாத அந்த இடத்தில் 1977-ன் அசல் கலர், நேற்று அடித்த மாதிரி. அதைச் சுற்றியிருந்த மிச்சப் பலகை மங்கிப் போயிருந்தது.

"எந்தக் கலரைப் பார்த்துக் கலக்க வேண்டும், சொல்."

"அசல் கலரை."

"தப்பு. அதைப் பூசினால் வெள்ளைத் தலையில் ஒரே ஒரு முடிக்கு மை அடித்த மாதிரி இருக்கும். இப்போது என்ன கலரோ, அதைக் கலக்க வேண்டும். இந்தப் பலகைக்கு இன்று என்ன வயசோ, அந்த வயசு கலருக்கும் இருக்க வேண்டும்."

கறுப்பு அக்ரிலிக்கில் துளி பழுப்பு. துளி மஞ்சள். ஈரத்தில் ஒரு கலர், காய்ந்தால் இன்னும் அடர்த்தியாக வேறு கலர். ட்யூப்லைட்டில் பொருந்துவது மெஷினின் மஞ்சள் பல்பில் பொருந்தாது. அதனால் அந்தப் பல்பு வெளிச்சத்திலேயே பார்க்க வேண்டும். பூசுவதற்கு முன்னால் மெல்லிசாக ஒரு கிளியர் கோட். ஏனென்றால் தப்பாகப் போனால் நம் பெயிண்டை மட்டும் துடைத்துவிடலாம், அடியில் இருக்கும் அசல் தப்பிக்கும். சுற்றிலும் ஒட்டும் படலத்தை வட்டமாக வெட்டி மறைத்து, மூச்சைப் பிடித்துக் கொண்டு ஒரு வளையம். இரண்டு தடவை துடைத்தோம். மூன்றாவது தடவை பெரியவர் தலையை ஆட்டினார். காய்ந்ததும் மேலே இன்னொரு கிளியர். அப்புறம் 1500, 2000 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டு மெல்ல ஒரு தேய்ப்பு. பாலிஷ். கார்னோபா மெழுகு.

"முழுப் பலகைக்கும் கார் கிளியர் கோட் அடித்தால் கண்ணாடி மாதிரி ஆகுமே. அதைத்தானே வாங்குபவர் கேட்கிறார்?" என்றேன்.

ஆகும் என்றார். ஆனால், அந்த இரண்டு பாக ரசாயனத்தில் ஐசோசயனேட் இருக்கிறது. வெளிக்காற்றுக் குழாய் வைத்த முகமூடி இல்லாமல் கராஜில் அடித்தால் பலகை பளபளக்கும், நுரையீரல் போய்விடும். தக்க வசதி உள்ள பட்டறைக்குக் கொடுத்துச் செய்யலாம். மரமே தெரியும் அளவுக்குப் போன பலகைகளுக்கு அதுதான் வைத்தியம். "இதற்கு அது தேவையா என்பதைச் சொந்தக்காரர்தான் சொல்ல வேண்டும்."

அத்தான் பலகையைப் பார்த்தார். "வளருகிற காயத்தை மட்டும் மூடுங்க. ஆறின தழும்பை விட்டுடுங்க" என்றார்.

அப்படியே செய்தோம். குழி விளிம்பில் பெயர்ந்த மரத்துக்கு எபாக்ஸி வைத்து மட்டம் செய்தோம். உள்வாங்கிய விளக்கு வட்டங்களை நிமிர்த்தி ஒட்டினோம். மரம் தெரிந்த இடங்களில் கலர் தொட்டு கிளியர் பூசி, இனி ஈரமும் அழுக்கும் இறங்காமல் அடைத்தோம். பம்பரைச் சுற்றிய வளையங்களை மெழுகு மட்டும் போட்டு விட்டுவிட்டோம். கடைசியாகப் பெரியவர் பழைய குண்டை எடுத்துக் குப்பையில் போட்டு, புதுக் குண்டு ஒன்றை வைத்தார். "எல்லாவற்றையும்விட மலிவான ரிப்பேர் இது. இதைச் செய்யாமல் மற்றதைச் செய்தால் பிரயோஜனமில்லை."

வெள்ளிக்கிழமை ராத்திரி. மறுநாள் காலை அந்த ஆள் பார்க்க வருகிறான். புதுசு மாதிரி இல்லை, ஆகவே 1,500 தான். ஜெட்லாக்கில் தூக்கம் வராமல் புரண்டு கொண்டிருந்தேன். மணி ஒன்று இருக்கும். கீழே கராஜில், டிங். கிர்ர்ர். டிங் டிங்.

அத்தான் வழியனுப்பு விழா நடத்துகிறார் போலிருக்கிறது என்று இறங்கிப் போனேன்.

அக்கா!

முந்தானையை இடுப்பில் செருகிக் கொண்டு, குனிந்து, நாக்கை லேசாகக் கடித்தபடி ஆடிக் கொண்டிருந்தாள். எனக்கு நன்றாகத் தெரிந்த நாக்கு கடிப்பு. மதுரையில் தினம் ராத்திரி எட்டரைக்குப் பார்த்தது. பந்து விழுந்ததும்தான் என்னைக் கவனித்தாள்.

"நீ அழிச்ச இடம் எதுடா?"

காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை. "தெரியலையே" என்றாள். அப்புறம் பம்பரைச் சுற்றிய அந்த வளையங்களைப் பார்த்தாள். "இது?"

"அத்தான் விட்டுடச் சொன்னார்."

கொஞ்ச நேரம் பேசவில்லை.

காலையில் நான் எழுந்து வருவதற்குள் அந்த ஆளுக்குப் போன் போட்டு, விற்பனைக்கில்லை என்று சொல்லிவிட்டிருந்தாள். கூடவே ஒரு உத்தரவு: மெஷின் வீட்டு ஹாலுக்கு வரவேண்டும், கார் கராஜுக்குப் போக வேண்டும். ஹாலிலும் ஏசி இருக்கிறதே! ஏழு வருஷமாக இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

"முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார் அத்தான்.

"முதல்ல ஒருநாளாவது என்னை ஆட விட்டீங்களா?"

நூறு கிலோவுக்கு மேல் கனம். தலைமாட்டை மடக்கி, காலைக் கழற்றி, அத்தான், நான், பெரியவர், அவர் பேரன், நால்வரும் முக்கி முனகி ஹாலில் சேர்த்தோம். இரண்டு நாள் எனக்கு முதுகு நிமிரவில்லை. காலேஜ் பீஸில் 1,500 டாலர் துண்டு விழுந்தது விழுந்ததுதான். அதற்கு அத்தான் சனிக்கிழமைகளில் கூடுதல் வேலை பார்க்கப் போகிறார். கணக்கு என்றால் கணக்கு.

ஊருக்குக் கிளம்பும் அன்று ஏர்போர்ட் வாசலில் அக்கா கேட்டாள்: "அந்தக் கேரம் போர்டு என்னடா ஆச்சு?"

"பரண்ல கிடக்குக்கா. துணி சுத்தி, பத்திரமா வெச்சிருக்கேன்."

"பத்திரமா எதுக்குடா? கீழ எடுத்துப் போடு. உன் பையனுக்குச் சொல்லிக் குடு" என்றாள். "திரும்பத் தேயட்டும்."